வார இறுதியை விலைகொடுத்து வாங்க வேண்டிய பிள்ளைகள்

புலம்பெயர் நாடுகளின் பல்கலைக்கழக வளாகங்களில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கம், தமிழ்க் குடும்பங்களுக்குள் இன்னமும் சரிவர அறிமுகமாகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மடிக்கணினியும் படுக்கைப்பையுமாகப் புறப்படும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை கண்கள் சிவக்க வீடு திரும்புகின்றது. எங்கே போனாய் என்ற கேள்விக்கு 'ஹேக்கத்தான்' என்ற ஒற்றைச் சொல்லே விடையாகக் கிடைக்கின்றது. அடுத்த மாதம் அதே பிள்ளை, இன்னும் தொடங்கப்படாத ஒரு நிறுவனத்தைப் பற்றி நடுவர் முன் மூன்று நிமிடம் பேசுவதற்காக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்க்கின்றது. படிக்க அனுப்பிய இடத்தில் இது என்ன விளையாட்டு என்று பெற்றோர் மனங்கலங்குவதில் வியப்பில்லை. வேறு சில வீடுகளில் நிலைமை நேர்மாறானது. பத்தாயிரம் டொலர் பரிசு என்றதும் பிள்ளை தொழிலதிபராகிவிட்டதாகவே உறவினருக்குத் தொலைபேசியில் செய்தி போகின்றது. இவ்விரு மனநிலைகளும் இப்போட்டிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறியாமையால் விளைபவை.

ஹேக்கத்தான் என்பது மாணவர் மூவரோ நால்வரோ குழுவாகச் சேர்ந்து, 24 அல்லது 36 மணிநேரத்துக்குள், இயங்கக்கூடிய ஒரு மென்பொருளையோ கருவியையோ உருவாக்கிக் காட்டும் நிகழ்வு. அப்பெயரைக் கேட்டதும் கணினித் திருட்டு நினைவுக்கு வருவது பெற்றோரின் குற்றமன்று. செய்தித்தாள்கள் 'ஹேக்' என்ற சொல்லை அப்படித்தான் பழக்கியுள்ளன. இங்கே அச்சொல் விரைந்து செய்யும் கைத்திறனையே குறிக்கின்றது. அது வழக்கிற்கு வந்த இடங்களுள் ஒன்று கனடா என்பது பலரும் அறியாத செய்தி. 1999 யூன் மாதத்தில் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கிவந்த பத்துப் பேர் கல்கரி நகரில் ஒன்றுகூடி வேலை செய்தபோது அக்கூடலுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. குறியாக்க மென்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு அமெரிக்காவில் அக்காலத்தில் இருந்த சட்டத் தடைகளைத் தவிர்க்கவே கனடா தெரிவுசெய்யப்பட்டது. அதே மாதத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனமும் தனது ஜாவா மாநாட்டில் இப்பெயரிலேயே ஒரு சவாலை நடத்தியது. மாணவரிடம் இது பரவியது பின்னரே. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மாணவர் 2009இல் தொடங்கிய 'பென்அப்ஸ்' அவற்றுள் முன்னோடி. ஒன்ராறியோ மாகாணத்தின் வோட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் 2014இல் தொடங்கிய 'ஹேக் த நோர்த்' இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் கூடும் 36 மணிநேர நிகழ்வாக வளர்ந்துள்ளது. நடத்துவோரும் மாணவரே. பங்கேற்கக் கட்டணமில்லை, உணவும் அங்கேயே வழங்கப்படுகின்றது.

'பிட்ச்' எனப்படும் தொழில் முன்மொழிவுப் போட்டி இதிலும் மூத்தது. சட்ட மாணவர் பயிலும் மாதிரி நீதிமன்றத்தைப் பார்த்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்ரின் வளாகத்து வணிக மாணவர் 1984இல் 'மூட் கோர்ப்' என்ற போட்டியைத் தொடங்கினர். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.ரி.யில் 1990இல் 10,000 டொலர் பரிசுடன் தொடங்கிய போட்டி, பின்னர் 50,000 ஆகி, இப்போது 100,000 டொலர் என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றது. தீர்க்க விரும்பும் குறை என்ன, அதற்குப் பணம் கொடுக்கக்கூடியவர் யார், போட்டியாளர் எவர், குழுவில் உள்ளோரின் தகுதி என்ன என்பவற்றைச் சில நிமிடங்களில் எடுத்துரைக்க வேண்டும். அதன்பின் நடுவரின் கேள்விகள் தொடங்கும். உண்மையான தேர்வு அங்கேதான் நடக்கின்றது.

பரிசு எதை உறுதிசெய்கின்றது என்பதற்கு இரண்டு வரலாறுகளைப் பெற்றோரும் இளையோரும் சேர்ந்தே அறிந்திருத்தல் நன்று. 1998ஆம் ஆண்டு எம்.ஐ.ரி. போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்த குழுக்களுள் ஒன்றில், டானியல் லூயின் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் ரொம் லெய்ற்றனும் இருந்தனர். இணையத்தில் நெரிசல் ஏற்படாமல் பக்கங்களைப் பயனருக்கு அருகிலுள்ள கணினிகளிலிருந்து வழங்குவதற்கான கணித முறை அவர்களுடையது. அவர்கள் பரிசு பெறவில்லை. அதே ஆண்டில் நிறுவனத்தைத் தொடங்கினர். 1999 ஒக்டோபரில் அது பங்குச்சந்தைக்கு வந்தது. அக்கமாய் என்ற அந்த நிறுவனம் இன்றளவும் இணையத்தின் அடித்தளங்களுள் ஒன்றாக இயங்குகின்றது. மற்றைய வரலாறு மொன்றியலில் தொடங்குகின்றது. மக்கில் பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று, பூச்சிகளை உணவாக வளர்க்கும் திட்டத்துக்காக 2013ஆம் ஆண்டின் 'ஹல்ற் பரிசை' வென்றது. தொகை 10 இலட்சம் டொலர். அஸ்பயர் என்ற பெயரில் உருவான அந்நிறுவனம், ஒன்ராறியோவின் இலண்டன் நகரில் சில்வண்டு வளர்க்கும் பெருந்தொழிற்சாலை ஒன்றையும் அமைத்தது. ஆயினும் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பணியாளரில் பெரும்பகுதியினரை நீக்க வேண்டிய நெருக்கடிக்கு அது உள்ளானது. வென்றவர் திறமையற்றவர் என்பதன்று இதன் பொருள். பதினொரு ஆண்டுகள் உழைத்து, தொழிற்சாலை வரை கொண்டுசென்றதே பெரிய செயல். ஒரு மாலைப்பொழுதில் நடுவர் சிலர் தந்த தீர்ப்பு, சந்தை தரும் தீர்ப்புக்கு ஈடாகாது என்பது மட்டுமே இங்கு அறிய வேண்டியது.

அப்படியாயின் பிள்ளைகள் அங்கு போய்ப் பெறுவது என்ன? தமிழ்ப் பாடசாலைகளின் பேச்சுப்போட்டியோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். அப்போட்டிக்குரிய உரையைப் பெரும்பாலும் தாயோ தந்தையோ எழுதிக் கொடுக்க, பிள்ளை அதை மனனஞ் செய்து, கைகளை உயர்த்தித் தாழ்த்தி ஒப்புவிக்கின்றது. அதனாலும் பயனுண்டு, நாக்கு தமிழுக்குப் பழகுகின்றது. ஆனால் அந்த மேடையில் எவரும் பிள்ளையை இடைமறித்து 'இதை எவ்வாறு அறிந்தாய்?' என்று கேட்பதில்லை. முன்மொழிவுப் போட்டியில் அக்கேள்வியே முதற் கேள்வி. 'எத்தனை பேரிடம் விசாரித்தாய்? அவர்களில் எத்தனை பேர் பணம் கொடுக்க முன்வந்தனர்?' என்று முன்பின் அறியாத ஒருவர் கேட்கும்போது, தெரியாததைத் தெரியாது என்று நேராகச் சொல்லவும், தெரிந்ததைத் தயங்காமல் சொல்லவும் இருபது வயதில் பழகிக்கொள்ளும் பிள்ளை, வேலைக்கான நேர்முகத்தேர்விலும், பின்னாளில் நகரசபை மண்டபத்திலும் வாய்மூடி நிற்காது. மதிப்பெண்ணில் முந்தியும் பேசவேண்டிய இடத்தில் பின்தங்கிவிடும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலைமையை நன்கறிந்த பெற்றோருக்கு இதன் பெறுமதியை விரித்துரைக்கத் தேவையில்லை. இத்துடன், வேறு துறைகளில் பயிலும் நண்பர்கள் கிடைக்கின்றனர்; அனுசரணை வழங்கும் நிறுவனங்களின் பொறியியலாளர் அறிமுகமாகின்றனர். கோடைகாலப் பயிற்சி வேலை பலருக்கு இவ்வழியிலேயே வாய்க்கின்றது.

2022ஆம் ஆண்டின் இறுதியில் சட்ஜிபிரி வெளிவந்த பின்னர் நிலைமை மேலும் மாறியுள்ளது. செயற்கை நுண்ணறிவின் துணையால், முன்னர் ஓர் இரவு முழுவதும் எழுதிய நிரலை இப்போது ஒரு மணிநேரத்தில் பெற்றுவிடலாம். அழகாக ஓடும் செயலி ஒன்றைக் காட்டுவது மட்டுமே திறமைக்குச் சான்றாக இருந்த காலம் போய்விட்டது. எந்தக் குறையைத் தீர்ப்பது என்று தெரிவுசெய்யும் அறிவே இனி எடைபோடப்படும். முதியோர் இல்லத்தில் ஆங்கிலம் அறியாத பாட்டியுடன் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு போராடிய பேரப்பிள்ளைக்கு, அந்தக் குறையைப் பற்றி நடுவருக்குத் தெரியாதது பல தெரிந்திருக்கும்.

பெற்றோரின் தடைகள் மூன்று வகையானவை. மூன்றும் ஒரே தரத்தன அல்ல. படிப்புக் கெடும் என்பது முதலாவது. தேர்வு நெருங்கும் வாரத்தில் அது நியாயமான தடை. ஆண்டு முழுவதற்கும் அதையே சொல்வது நியாயமன்று. பட்டப்படிப்பையே கைவிட்டுவிடுவார்கள் என்பது அடுத்த அச்சம். வோட்டர்லூவில் பயின்ற விற்றாலிக் பியூற்றரின் 2014இல் 100,000 டொலர் தீல் நல்கையைப் பெற்றுப் படிப்பை இடைநிறுத்தி 'எதீரியம்' கட்டமைப்பில் முழுநேரமாக இறங்கிய கதையை இளையோர் எல்லோரும் அறிவர். ஆகவே அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும் அதே பல்கலைக்கழகத்தில், தொழிற்பயிற்சிக்கென ஒதுக்கப்படும் தவணையைத் தமது சொந்த முயற்சியைத் தொடங்குவதற்கே செலவிடும் ஏற்பாடும் உண்டு. படிப்பா தொழிலா என்று வீட்டில் வாதிடுவதற்கு முன்னர், இத்தகைய ஏற்பாடு பிள்ளை பயிலும் இடத்தில் உள்ளதா என்று விசாரித்தறிவது இரு தரப்புக்கும் நன்மை தரும்.

மூன்றாவது தடை மகள்களுக்கு மட்டுமே விதிக்கப்படுவது. அண்ணன் போகலாம், தங்கை இரவில் வெளியே தங்கக்கூடாது என்ற தீர்ப்பு, வெளிப்படையாகப் பேசப்படாமலே பல வீடுகளில் நடைமுறையில் உள்ளது. பாதுகாப்புப் பற்றிக் கேட்பது பெற்றோரின் உரிமை, கேட்கவும் வேண்டும். பெண்களுக்குத் தனியான உறங்குமிடம் உண்டா, நடத்தை விதிகள் எவை, முறைப்பாட்டை யாரிடம் தெரிவிப்பது, நள்ளிரவில் வீடு திரும்ப வழியுண்டா என்ற கேள்விகளை மகளே அமைப்பாளரிடம் முன்கூட்டிக் கேட்டுப் பதில் பெறலாம். பதில் திருப்தியளிக்காத நிகழ்வுக்கு மகனையும் அனுப்பாமல் விடுவதே முறை.

இப்படியெல்லாம் தயங்கும் பெற்றோரே, 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் இந்நாடுகளில் வந்திறங்கி, வங்கிகள் கடன் கொடுக்க மறுத்த வேளையில், மாதச் சீட்டில் பெருந்தொகை கழிவு கூறி எடுத்த பணத்தைக்கொண்டு பலசரக்குக் கடையும் உணவகமும் திறந்த தலைமுறையினர் என்பது சுவையான முரண். அவர்களுடைய முன்மொழிவைக் கேட்ட நடுவர், சீட்டுக்காரரின் வரவேற்பறையில் அமர்ந்திருந்த பத்துப் பதினைந்து பேர். நம்பிக்கை ஒன்றே அங்கு பிணை. அந்த அனுபவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த குடும்பங்கள் மிகச் சிலவே.

இனி, இப்பொருளில் சமூக அமைப்புகள் இதுவரை ஏறெடுத்தும் பாராத பகுதிக்கு வரவேண்டும். கட்டணமில்லாப் போட்டி எல்லோருக்கும் திறந்த போட்டி என்று எண்ணுவது பிழை. ஸ்காபரோவில் வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று பயிலும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். அவள் சனி, ஞாயிறு இரு நாட்களும் கடையொன்றில் எட்டு மணிநேரம் வீதம் வேலை செய்கின்றாள் எனக் கொள்வோம். ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்டோபரில் மணிக்கு 17.60 டொலராக உயர்ந்தது. அதன்படி 16 மணிநேரத்துக்கு 281 டொலர் 60 சதம். அந்த வார இறுதியை வோட்டர்லூவில் கழித்தால் அத்தொகை அவளுக்கு இல்லை. நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்கான செலவு வேறு. விடுப்புக் கேட்டால் அடுத்த வாரத்து வேலை நேரம் குறைக்கப்படலாம் என்ற அச்சமும் சேர்கின்றது. அவளோடு ஒரே விரிவுரையில் அமர்ந்திருக்கும், வாரக் கூலியை நம்பியிராத மாணவனுக்கு அதே வார இறுதி இலவசம். ஈராண்டுகளில் அவன் ஆறேழு போட்டிகளுக்குப் போய்வந்திருப்பான். ஆறாவது போட்டியில் அவனுடைய பேச்சில் தெரியும் தெளிவை நடுவர் 'இயற்கையான திறமை' என்று பாராட்டுவர். அவளுக்கு அது முதற் போட்டியாக இருக்கும், அதுவும் போக முடிந்தால்.

தமிழ் இளையோர் தொழில்நுட்பத் துறையின் தலைமைப் பதவிகளில் போதிய அளவில் இல்லை என்று மாநாடுகளில் முறையிடப்படுகின்றது. அந்த முறைப்பாடு 281 டொலர் 60 சதத்திலும் ஒரு பேருந்துச் சீட்டிலும் தொடங்குகின்றது என்பதை எந்த மேடையிலும் எவரும் எடுத்துரைப்பதில்லை.

பழைய மாணவர் சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் ஆண்டுதோறும் மண்டபம் எடுத்து இரவு விருந்து வைக்கின்றன. நடன அரங்கேற்றத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் தனிக் குடும்பங்கள் செலவிடும் தொகை யாவரும் அறிந்ததே. அவற்றை நிறுத்த வேண்டும் என்று எவரும் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் நடக்கப்போவதில்லை. ஆனால் அந்த விருந்தில் ஒரேயொரு மேசைக்குச் செலவாகும் பணத்தைவிடக் குறைந்த தொகை, ஒரு மாணவியின் ஒரு வார இறுதியை விடுவிக்கப் போதுமானது. சங்கமொன்று ஆண்டுக்குப் பத்து மாணவரின் வார இறுதி ஊதியத்தையும் பயணச் செலவையும் ஏற்றுக்கொள்ளுமாயின், அதற்குத் தேவைப்படுவது நான்காயிரம் டொலர் அளவே. சங்க உறுப்பினருள் கணக்காளர் இருக்கின்றனர், சட்டத்தரணிகள் இருக்கின்றனர், மென்பொருள் நிறுவனங்களில் இருபது ஆண்டுகள் பணியாற்றியோர் இருக்கின்றனர். போட்டிக்கு முந்திய வாரத்தில் அவர்களுள் மூவர், மாணவரின் மூன்று நிமிடப் பேச்சைக் கேட்டு, கடுமையாக ஆறு கேள்விகள் கேட்டாலே போதுமானது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இவ்வாறான கோரிக்கை எழும்போதெல்லாம் அமைப்புகளுக்குத் தோன்றுவது, தாமே ஒரு போட்டியை நடத்திவிடலாம் என்பது. பிரதம விருந்தினர், குத்துவிளக்கு, பொன்னாடை, நன்றியுரை, அனைவருக்கும் வெற்றிக்கேடயம் என்று அது நடந்து முடியும். இன்னொரு மேடை இளையோருக்குத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே இருக்கும் மேடைக்குப் போய்ச்சேர வழியே தேவை.

போய்ச்சேர்ந்த பின்னர் இளையோர் கவனிக்க வேண்டியவையும் உள. விதிகளைப் படியாமல் 'ஏற்கின்றேன்' என்ற பொத்தானை அழுத்துவது பெருவழக்காகிவிட்டது. உருவாக்கியது யாருக்குச் சொந்தம் என்பது இடத்துக்கிடம் மாறுபடும். வோட்டர்லூப் பல்கலைக்கழகத்தின் 73ஆம் இலக்கக் கொள்கை, பொதுவாக உருவாக்கியவருக்கே அறிவுசார் சொத்துரிமையை வழங்குகின்றது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கொள்கையோ, பல்கலைக்கழக வளங்களைக்கொண்டு உருவான கண்டுபிடிப்பைத் தொடக்கத்தில் இரு தரப்பினரின் கூட்டுடைமையாகக் கொள்கின்றது. வெளிநிறுவனங்கள் நடத்தும் போட்டிகளில் நிபந்தனை இன்னும் கடுமையாக இருக்கக்கூடும். 'பரிசு' என்ற சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். ஹூஸ்ரன் நகரில் ரைஸ் பல்கலைக்கழகம் 2001 முதல் நடத்திவரும் புகழ்பெற்ற போட்டியில் பெருந்தொகைகள் பலவும் முதலீடாகவே தரப்படுகின்றன. அதாவது, பணம் பெறும் நிறுவனம் அதற்கு ஈடாகப் பங்கு கொடுக்கின்றது. அதில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆனால் அது நன்கொடை என்று எண்ணிக் கையொப்பமிடுவோர் பின்னர் வருந்த நேரிடும்.

காப்புரிமையில் இதைவிட நுட்பமான பொறி ஒன்றுண்டு. கண்டுபிடிப்பாளர் தாமே தமது கண்டுபிடிப்பைப் பொதுவெளியில் விளக்கிவிட்டால், கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் அதன்பின் 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தில் அத்தகைய பொதுச் சலுகை இல்லை. பிரான்சிலோ ஜேர்மனியிலோ வாழும் தமிழ் மாணவன், திறந்த மேடையில் தன் கருவியின் உள்ளியக்கத்தை விளக்கிய அன்றே அந்த உரிமையை இழந்துவிடக்கூடும். என்ன பயன் தரும் என்பதைச் சொல்லி, எவ்வாறு இயங்குகின்றது என்பதை விண்ணப்பம் அளிக்கும் வரை சொல்லாமல் விடுவதே பாதுகாப்பு. குழுவுக்குள்ளும் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுதல் நன்று. நண்பரிடம் எழுத்து வாங்குவது மரியாதையன்று என்ற தமிழ்த் தயக்கம் இங்கே உதவாது.

தாயகத்திலும் இம்முயற்சி வேர்விட்டுள்ளது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப் என்ற தன்னார்வ அமைப்பு 2012இல் தொடங்கிய 'யாழ் கீக் சலஞ்ச்' போட்டி, பல சுற்றுகளாக, வழிகாட்டிகளின் துணையுடன் நடைபெறுவது. பாடசாலை மாணவருக்கெனத் தனிப் பிரிவும் அதில் உண்டு. புலம்பெயர்ந்த தொழில்நுட்பவியலாளர் பலர் அதில் வழிகாட்டிகளாகப் பங்கேற்றுள்ளனர். போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், வாய்ப்புகள் குறைந்திருந்த நகரொன்றில் இது தொடங்கியது என்பதை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள சங்கங்கள் எண்ணிப் பார்க்கலாம். அங்கு ஒரே வார இறுதியோடு முடியாமல் நீடிக்கும் வழிகாட்டலை இங்குள்ள மாணவரும் வேண்டி நிற்கின்றனர்.

'ஹேக் த நோர்த்' வழக்கமாகச் செப்டெம்பர் மாதத்தில் நடைபெறுகின்றது. வேறு பல மாணவர் போட்டிகள் தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட தவணையில் வருகின்றன. ஆகவே சங்கங்கள் தமது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இத்தொகையை ஒதுக்கினால்தான் அது உரிய வேளையில் மாணவரின் கைக்கு எட்டும். விண்ணப்பம் ஒரு பக்கத்தை மிஞ்சக்கூடாது. எந்த வேலை நேரம் இழக்கப்படுகின்றது, எவ்வளவு ஊதியம், பயணச் செலவு எவ்வளவு என்ற மூன்று கேள்விகள் போதும். மதிப்பெண் பட்டியல் வேண்டாம், தந்தையின் ஊர்ப்பெயரும் வேண்டாம். பெறுவோரின் பெயர் ஆண்டு மலரில் அச்சிடப்படக்கூடாது. பணம் வெள்ளிக்கிழமைக்கு முன்னரே கொடுக்கப்பட வேண்டும்.